டெகாவின் பூவாளி

கும்மிடிப்பூண்டியில் சில வாரங்களுக்கு முன் ஒரு ஓவியக் காட்சி. கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, சுவரோடு கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். வரைந்தவர் இளைஞர். அப்பா சிப்காட்டில் கம்பி ஆலையில் வேலை பார்த்தவர். மகன் ஓவியம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார். சொந்த ஊரில் காட்சி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். சென்னையில் வைத்திருந்தால் இதைவிட நல்ல சுவரும் இதைவிட மோசமான பேச்சும் கிடைத்திருக்கும்.

இருந்ததிலேயே பெரிய படம் ரோலிங் மில் ஒன்றைக் காட்டியது. உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவந்த கம்பி சீறிக்கொண்டு வருகிறது. ஒருவன் இடுக்கியால் அதன் தலையைக் கவ்வி, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த உருளைக்குள் கொடுக்கிறான். கம்பி அவனைச் சுற்றி நெருப்பு வளையமாக நிற்கிறது. ஒரு கால் தரையிலிருந்து எழும்பியிருக்கிறது. திருவாசி போட்ட நடராஜர் என்று சொல்லாமலே தெரிகிறது. சொல்லாமல் விட மனம் வராமல் கீழே தலைப்பும் எழுதியிருந்தார்: 'உழைப்பின் நடனம்'.

பேச இருவர் வந்திருந்தார்கள். முதலாமவர் முற்போக்கு. எட்கர் டெகா என்று ஒருவன் பிரான்ஸில் இருந்தான், வாழ்நாளெல்லாம் பாலே ஆடும் பெண்களை வரைந்தான், வங்கிக்காரன் வீட்டுப் பிள்ளை, சீமான்களின் வரவேற்பறைக்கு வெள்ளைப் பாவாடைகளை வரைந்து விற்றான், நம் தம்பியோ உழைப்பவனை வரைந்திருக்கிறார், அந்த நடனத்தைவிட இந்த நடனமே உயர்ந்தது என்றார். இரண்டாமவர் கலை கலைக்காகவே என்கிற கட்சி. டெகாவிடம் போய் உழைப்பைத் தேடுவது பாமரத்தனம், அவனிடம் இருப்பது ஒளியும் கோடும் இடத்தை வெட்டுகிற லாகவமும்தான், தம்பியும் ஆலையை மறந்துவிட்டு லயத்தைப் பிடித்திருப்பதால்தான் படம் தேறியிருக்கிறது என்றார். இதற்கிடையில் மாடியிலிருந்து தட் தட்டென்று ஒரே சத்தம். சனிக்கிழமை மாலைகளில் அங்கே பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது. இருபது ஜோடிக் கால்கள் ஒன்றாக சிமெண்டுத் தரையை மிதிக்கிற சத்தம். இரண்டாமவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன் என்றார். யாரோ மேலே ஓடினார்கள். சத்தம் நின்றது. இருவரும் உழைப்பையும் நடனத்தையும் பற்றித் தொடர்ந்து பேசினார்கள்.

ஒரு மணி நேரம் அடித்துக்கொண்ட இருவருக்கும் அந்தத் தலைப்பு மட்டும் பிடித்திருந்தது. பரம வைரிகள் ஒரு சொற்றொடரில் சமரசமாகிறார்கள் என்றால் அந்தச் சொற்றொடரில் ஏதோ மோசடி இருக்கிறது என்று அர்த்தம்.

உழைப்பை நடனம் என்று சொன்னதும் உழைப்பு காணாமல் போகிறது. அனல், தீக்காயம், ஷிப்ட், காண்ட்ராக்டர் பிடித்துக்கொள்கிற கூலி எல்லாம் போய் அழகான ஒரு வளைவு மிஞ்சுகிறது. இதையாவது யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்கள். யாரும் சொல்லாதது, அந்தத் தலைப்பில் நடனமும் சேர்ந்து காணாமல் போகிறது என்பது. நடனம் சிரமமற்றது, உள்ளே ஏதோ பொங்கி உடம்பு தானாக ஆடிவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருப்பதால்தான் அதை எடுத்து உழைப்புக்குப் பூமாலையாகச் சூட்ட நமக்குக் கை வருகிறது. அரைமண்டியில் பத்து வருஷம் நின்று முழங்கால் போன ஒருத்திக்கு இந்தத் தலைப்பு என்ன அர்த்தம் தரும்?

அன்று பேசிய இருவரும் டெகாவின் படத்தைப் பார்த்ததில்லை என்பது என் குற்றச்சாட்டு. அச்சில் பார்த்திருப்பார்கள், காலண்டரில் பார்த்திருப்பார்கள். நான் சொல்வது வேறு பார்வை. டெகா நடனப் பெண்களை ஏறக்குறைய 1500 தடவை வரைந்திருக்கிறான். எண்ணெய், பாஸ்டல், கரிக்கோடு, மெழுகு எல்லாவற்றிலும். அவற்றில் ஒருத்தி மேடையில் ஆடிக்கொண்டிருக்கிற படங்களை ஒதுக்கிவைத்தால், மிஞ்சுவதில் பெரும்பகுதியில் யாரும் ஆடுவதே இல்லை. நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், நாடாவை முடிகிறார்கள், கணுக்காலைத் தேய்க்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், காத்திருக்கிறார்கள்.

பாரிஸில் ஓர்சே மியூசியத்தில் இருக்கும் 'நடன வகுப்பு' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். 1873க்கும் 1876க்கும் இடையில் வரைந்தது. நடுவில் ழூல் பெர்ரோ என்கிற கிழ ஆசிரியர். தன் காலத்தில் பெரிய ஆட்டக்காரர். நீண்ட கழி ஒன்றைத் தரையில் ஊன்றி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். நம் நட்டுவனார் கையில் இருப்பது குட்டைக் கழி, உட்கார்ந்து பலகையில் தட்டுவது, இவருடையது நின்று தரையில் தட்டுவது, உத்தியோகம் ஒன்றுதான். சுற்றிலும் வெள்ளைப் பாவாடைப் பெண்கள். வகுப்பு முடிகிற நேரம். பாதிப் பேர் ஆசிரியரைக் கவனிக்கவேயில்லை. இடது பக்கம் பியானோவின் மேல் ஏறி உட்கார்ந்த ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு முதுகைச் சொறிந்துகொள்கிறாள். வெகு தொலைவில், சுவரோரம், பெண்களோடு வந்த தாய்மார்கள். பியானோவுக்குக் கீழே ஒரு பூவாளி.

இந்தப் பூவாளியை நம் அழகியல்காரர்கள் 'காம்போசிஷன்' என்பார்கள். அது அங்கே இருப்பதற்குக் காரணம் தூசி. மரத்தளத்தில் நாள் முழுவதும் கால்கள் உதைத்தால் தூசி எழும், தொண்டையை அடைக்கும். அதனால் வகுப்புக்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள். 1877இல் வரைந்த இன்னொரு படத்தில், நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருப்பது, கம்பைப் பிடித்துக் கால் தூக்கிப் பழகுகிற இரண்டு பெண்களும் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்கள். விரிந்து கிடப்பது வெறும் தரை. அந்தத் தரையில் தனியாக ஒரு பூவாளி. அதன் கைப்பிடியும் மூக்கும் பக்கத்துப் பெண்ணின் கையையும் காலையும் போலவே இருக்கின்றன. பெண்ணும் பூவாளியும் அந்த அறையின் வேலைச் சாமான்கள். இவ்வளவு கடூரமாக ஒரு நடனப் பெண்ணை அதற்கு முன் யாரும் வரைந்ததில்லை. பிற்காலத்தில் டெகாவுக்கே அந்தப் பூவாளி உறுத்தி, அழித்துவிட ஆசைப்பட்டதாகவும், வாங்கி வைத்திருந்த ரூவார் விடவில்லை என்றும் கதை உண்டு. 1912 டிசம்பரில் அதே படம் ஏலத்தில் 4,35,000 பிராங்குக்குப் போனது. டெகா உயிரோடிருந்தான், அதில் அவனுக்கு ஒரு பிராங்கும் கிடையாது. பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்கும் கிடைப்பது கொள்ளுதானே என்கிற மாதிரி ஏதோ சொன்னானாம்.

1882 வாக்கில் ஒரு பாஸ்டல். 'காத்திருத்தல்'. பெஞ்சு ஒன்றில் இரண்டு பேர். ஒருத்தி நடன உடையில் குனிந்து தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், முகம் தெரியவில்லை. பக்கத்தில் கறுப்பு உடையில் குடையோடு ஒரு ஸ்திரீ. தாயாகத்தான் இருக்க வேண்டும். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று படம் சொல்வதில்லை. தேர்வு முடிவாக இருக்கலாம், கூலியாக இருக்கலாம். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது முழுவதும் அந்தப் பெஞ்சில் இருக்கிறது. உழைப்பை அதன் வேகத்தில் பிடித்தால் அது நடனமாகத்தான் தெரியும். எந்த வேலையானாலும் சரி, நாற்று நடுவதானாலும், மூட்டை தூக்குவதானாலும், கம்பி பிடிப்பதானாலும், கைதேர்ந்த உடம்பின் இயக்கம் அழகாகத்தான் இருக்கும், அழகு உழைப்பை மூடிவிடும். வேலை உடம்புக்கு என்ன செய்தது என்று தெரிவது வேலை நின்ற அடுத்த நிமிஷத்தில். டெகா அந்த நிமிஷத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவன். அவன் சலவைப் பெண்களை வரைந்தபோதும் இதையே செய்தான். 1884 வாக்கில் வரைந்த இஸ்திரிப் பெண்கள் இருவரில் ஒருத்தி இரண்டு கையாலும் பெட்டியை அழுத்துகிறாள். மற்றவள் ஒரு கையில் பாட்டிலோடு வாய் பிளந்து கொட்டாவி விடுகிறாள். படத்தை நிறுத்துவது அந்தக் கொட்டாவி.

சலவையும் பாலேயும் வேறு வேறு உலகம் என்று நினைக்கிறவர்களுக்கு மேரி வான் கோதெமைச் சொல்ல வேண்டும். 1865இல் பிறந்தவள். அப்பா தையல்காரர், அம்மா சலவைக்காரி. பிழைக்க பெல்ஜியத்திலிருந்து பாரிஸுக்கு வந்த குடும்பம். ஓப்பெராவில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் குட்டி எலிகள் என்றுதான் சொல்வார்கள். மேரியை வைத்து டெகா ஒரு மெழுகுச் சிலை செய்தான். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். தலையில் டோப்பா முடி, பட்டு நாடா, நிஜத் துணியில் ரவிக்கை, நிஜப் பாவாடை. உள்ளே எலும்புக்கூடாகக் கம்பி, கயிறு, போதாததற்குத் தூரிகைக் கட்டைகள். 1881இல் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைக் காட்சிக்கு வைத்தபோது விமர்சகர்கள் குரங்கு என்றார்கள். சொன்னதில் ஒருவிதமான நேர்மை உண்டு. பதினாலு வயதில், நாற்பது கிழவியின் களைப்போடு, மோவாயை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற ஏழைப் பெண் அவர்களுக்குக் குரங்காகத் தெரிந்தாள். அடுத்த ஆண்டு, 1882இல், வகுப்புக்குச் சரியாக வருவதில்லை என்று ஓப்பெரா மேரியை நீக்கிவிட்டது. டெகா செத்த பிறகு வெண்கலத்தில் வார்த்து உலக மியூசியங்களுக்கெல்லாம் விற்றார்கள். இன்று அவளைப் பார்த்து யாரும் குரங்கு என்பதில்லை, ஆஹா என்கிறார்கள். எனக்கு 1881இன் வசை இதைவிட மேலாகப் படுகிறது.

முற்போக்குத் தோழர் சொன்ன சீமான்களைப் பற்றி. அவர்களை டெகா மறைக்கவில்லை. 'நட்சத்திரம்' என்று ஒரு படம். மேடையில் ஒருத்தி கையை விரித்துப் பறக்கிறாள், கழுத்தில் கறுப்பு நாடா. பின்னால் திரைத்தட்டிக்கு நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு ஆண் உடம்பு நிற்கிறது. தலை திரைக்குப் பின்னால். தலையில்லாத ஆள். அவன் சந்தாக்காரன். பணம் கட்டியவனுக்கு மேடைக்குப் பின்னால் போய் வர உரிமை உண்டு. எதற்காகப் போவான் என்பதை நம் மிராசுதார்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். சந்தாக்காரனை வரைந்து சந்தாக்காரன் வீட்டுச் சுவரிலேயே மாட்டிய திமிர் டெகாவுடையது. வங்கிக்காரன் பிள்ளை என்பது உண்மை. 1874இல் அப்பா இறந்து, அந்த வங்கி நொடித்து, அதற்குப் பிறகு கடன் அடைக்க வரைந்து விற்றான் என்பதும் உண்மை. கொடுமையான ஆளும்கூட. டிரைஃபஸ் விவகாரத்தில் யூத வெறுப்பில் பழைய சிநேகிதர்களையெல்லாம் உதறியவன். நல்ல மனிதன்தான் சரியாகப் பார்ப்பான் என்ற நம்பிக்கை நம் விமர்சனத்தின் பெரிய மூடநம்பிக்கைகளில் ஒன்று.

அழகியல்காரர் டெகாவின் வாக்குமூலத்தையே எனக்கு எதிராகக் காட்டலாம். என்னை நடனப் பெண்களின் ஓவியன் என்கிறார்கள், எனக்கு அவர்கள் அழகான துணிகளையும் அசைவுகளையும் வரைய ஒரு சாக்கு என்று அவன் சொன்னதாக வியாபாரி வொல்லார் எழுதிவைத்திருக்கிறார். சொல்லியிருக்கட்டும். கலைஞன் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புகிறவன் கையெழுத்து வாங்கப் போகலாம், விமர்சனம் எழுத வேண்டாம். அதே டெகா தன் நண்பருக்கு ஒரு கடிதத்தில், நடனத் தேர்வுகளை எத்தனையோ வரைந்துவிட்டேன், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை, வெட்கமாக இருக்கிறது, ஒரு அனுமதிச் சீட்டு வாங்கித் தாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். அந்தப் படங்கள் எல்லாம் ஸ்டூடியோவில், கூலிக்கு வந்து நின்ற பெண்களை வைத்து, ஒரே தோரணையைத் தாள்மேல் தாள் வைத்துப் பத்துத் தடவை பிரதியெடுத்துச் செய்தவை. ஒரே காலை ஆயிரம் தடவை தூக்குகிற பெண்ணை, ஒரே கோட்டை ஆயிரம் தடவை போடுகிற ஒருவன் வரைந்தான். தோழமை என்று நான் அதைச் சொல்லமாட்டேன். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவளைப் பார்த்த பார்வை.

நமக்கு வருவோம். நம் மரபில் நடனத்தை வேலை என்று ஒப்புக்கொண்ட ஒரு ஆவணம் உண்டு. அது ஓவியமல்ல, கணக்கு. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் சுமார் 1014இல் ராஜராஜன் வெட்டிவைத்தது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்தியும் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். செத்துப்போனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கும் வேலையும் யாருக்கு என்பதுவரை எழுதியிருக்கிறது. நட்டுவனாருக்கும் பங்கு உண்டு. அதே கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களிலும் பெண்கள் ஆடுகிறார்கள். என்ன கோடு, என்ன துள்ளல்! ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. எல்லோரும் தேவலோகத்துக்காரர்கள். வெளிச்சுவரில் வீட்டு எண்ணோடு நானூறு பேர், உள்சுவரில் எண்ணும் பெயரும் இல்லாத அப்சரஸ்கள். நம் கண் ஆயிரம் வருஷமாக உள்சுவரிலேயே நிற்கிறது. மேல்தளத்தில் கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்: 108இல் 81 முடிந்திருக்கிறது, 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. நான் அங்கே போனால் அந்த வெற்றுக் கற்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். சிற்பியும் கூலிக்கு வந்தவன் என்பது அந்த இடத்தில்தான் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டு இந்தப் பார்வையைச் சட்டமாக்கியது. 1932இல் சதிருக்குப் பெயர் மாற்றினார்கள். 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். 1947இல் பொட்டுக்கட்டுகிற வழக்கத்தைத் தடைசெய்து சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு எதிராக நான் எதையும் சொல்ல வரவில்லை. அந்த வாழ்க்கையின் இழிவை உள்ளேயிருந்து பார்த்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவலே எழுதியிருக்கிறார், மயக்கம் வேண்டியதில்லை. ஆனால் நடந்தது என்ன? இழிவு அந்தப் பெண்களோடு போயிற்று, கலை நம்மோடு வந்தது. அந்தக் கலையைத் தெய்வீகம் என்று சொல்ல ஆரம்பித்தோம். தெய்வீகம் என்றால் யாரும் அதற்கு உழைத்ததில்லை என்று பொருள். பரம்பரை பரம்பரையாக நாலு வயதுப் பிள்ளையின் கணுக்காலில் கழியால் தட்டித் தட்டி இந்த அடவுகளைக் காப்பாற்றிய வீடுகளுக்கு நாம் ஏதும் பாக்கியில்லை. தெய்வம் தந்தது, எடுத்துக்கொண்டோம். வியர்வையைப் படத்தில் காட்டினால் யாருடைய வியர்வை என்ற கேள்வி வரும். நம் ஓவியர்கள் அந்தக் கேள்வியை வரவிடவில்லை.

ரவிவர்மா வீணைக்காரிகளையும் நடனக்காரிகளையும் புகைப்படத்துக்கு உட்கார வைத்ததுபோல் உட்காரவைத்தார். காலண்டர்கள் கன்னத்தில் ரோஜாப்பூ தடவின. பணிக்கரும் 1966இல் அவரோடு சோழமண்டலம் போனவர்களும் வேறு தேடலில் இருந்தார்கள். அவர்களுடைய பெரிய காரியத்தை நான் குறைக்க மாட்டேன், ஆனால் அங்கும் உடம்பு சின்னமாகத்தான் மாறிற்று. மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி உழைப்பாளர் சிலையை 1959இல் நிறுத்தினார். நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். தசையும் நரம்பும் பிசகில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் உழைப்பின் வெற்றி. வெற்றி பெற்றவன் உட்காரக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது. ஆக உழைப்புக்கு ஒரு பீடம், நடனத்துக்கு ஒரு பீடம். இரண்டிலும் ஏறி நிற்பவர்களுக்குக் கால் வலிப்பதில்லை. 1976இல் சத்யஜித் ரே பாலசரஸ்வதியைப் படமெடுத்தபோது நமக்கு நினைவில் நின்றது கடற்கரைக் காற்றில் அவர் ஆடிய 'கிருஷ்ணா நீ பேகனே'. ஐம்பத்தெட்டு வயதில் மணலில் நின்று அதை ஆட அந்த உடம்பு என்ன செய்ய வேண்டியிருந்தது என்று யார் கேட்டோம்?

கும்மிடிப்பூண்டிப் படத்தில் தம்பி நடராஜரை வரைந்ததற்கு அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருடைய மாவட்டத்திலேயே, திருவள்ளூர் தாண்டி அரக்கோணம் பாதையில், திருவாலங்காடு இருக்கிறது. ஐந்து சபைகளில் ரத்தின சபை. அங்கே கிடைத்த நடராஜர் இன்று எழும்பூர் மியூசியத்தில் நிற்கிறார். அந்தச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்து பிரெஞ்சுச் சிற்பி ரோடான் உருகி எழுதினார். 1921இல், அவர் இறந்து நாலு வருஷம் கழித்து அச்சாயிற்று. ரோடானும் டெகாவும் ஒரே ஊர்க்காரர்கள், 1917இல் இரண்டு மாத இடைவெளியில் செத்தவர்கள். ரோடான் தந்த சான்றிதழை நாம் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டோம். டெகாவின் கண்ணைக் கேட்டு வாங்கவில்லை. அது நமக்கு ஆகாது.

ஆனால் திருவாலங்காட்டிலேயே அந்தக் கண் இருந்தது. அந்த ஊர்க் கதை என்ன? காளிக்கும் சிவனுக்கும் ஆட்டப் போட்டி. எந்த அடவுக்கும் அவள் சளைக்கவில்லை. காதிலிருந்து விழுந்த குழையைக் கால்விரலால் எடுத்துக் காதிலேயே மாட்டுகிற சாக்கில் அவர் காலைத் தலைக்கு மேல் தூக்கினார். அவள் பெண், தூக்கக் கூசி நின்றாள். தோற்றாள் என்று தீர்ப்பு. ஆடத் தெரியாமல் தோற்கவில்லை என்பதைக் கதையே சொல்கிறது. நடுவர்கள் யார் என்பதைத்தான் சொல்லவில்லை. அந்தத் தூக்கிய காலின் அடியில் இன்னொரு உடம்பு உட்கார்ந்திருக்கிறது. காரைக்கால் அம்மையார். விலா எலும்பு தெரிய, முலை வற்றி, கழுத்து நரம்பு புடைக்க, பேய் உரு. கையில் தாளம். சோழச் சிற்பி வேறு எந்தப் பெண்ணையும் இப்படி வார்த்ததில்லை. தேவிகளின் இடுப்பை வளைத்து வளைத்துச் சலித்த கை, இந்த ஒருத்தியிடம் வந்ததும் எலும்பை எண்ணுகிறது. பக்தர்கள் இதை வைராக்கியம் என்பார்கள். இருக்கலாம். என் கண்ணுக்கு முதலில் படுவது அவள் வேலை செய்கிறாள் என்பது. ஆடுகிறவர் ஆட, கணக்குத் தப்பாமல் தாளம் போடுகிற நட்டுவாங்கம் அவளுடையது. ஆடுகிறவர் முகத்தில் ஒரு களைப்பும் இல்லை. அந்த ஆட்டத்தின் களைப்பு முழுவதையும் சிற்பி அவள் உடம்பில் இறக்கிவைத்துவிட்டான். தம்பி வரைந்த படத்தில் நெருப்பு வளையம் இருந்தது, தூக்கிய கால் இருந்தது. காலடியில் யாரும் இல்லை.

கூட்டம் முடிவதற்கு முன்பே நான் எழுந்து மாடிக்குப் போனேன். தம்பியும் கூட வந்தார், பேச்சிலிருந்து தப்பித்தால் போதும் என்று நினைத்திருப்பார். மாடியில் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழு வயதிலிருந்து பதினைந்துவரை. பயிற்சிச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார்கள். ஒருத்தி பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போயிருந்தாள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்கள், கையில் போன். ஆசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். தட்டுக்கழியை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு, வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து போகிறாராம். சிமெண்டுத் தரையில் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளின் முழங்காலுக்குப் பாவம், மரத்தளம் போட யார் காசு தருவார்கள் என்றார். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. ஆலைப் பக்கத்துக் கரி தரையில் மெல்லிசாகப் படிந்திருந்தது. ஒரு சிறுமி பாத்ரூம் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து கையால் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இதை வரையலாமே தம்பி" என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். "இவங்க சும்மாத்தானே சார் உக்காந்திருக்காங்க?"

"அப்பா கம்பி பிடிச்ச காலத்துல, நடுவுல ஓய்வு உண்டா?"

"உண்டு சார். அந்தச் சூட்டுல தொடர்ந்து நிக்க முடியாது. ஆள் மாத்தி மாத்தித்தான் நிப்பாங்க."

"மாத்திவிட்டதும் எங்கே போவார்?"

யோசித்தார். "வெளியே தண்ணி டிரம் ஒண்ணு இருக்கும். துண்டை நனைச்சுத் தலைமேல போட்டுக்கிட்டு அதுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பாரு. சாப்பாடு கொண்டு போனா யாருன்னுகூட நிமிர்ந்து பாக்க மாட்டாரு."

"அது படத்துல இல்லையே."

"இல்ல சார்."

கீழே கைதட்டல் கேட்டது. கூட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆசிரியை நீட்டிய காலைக் கையால் பிடித்து மடக்கிக்கொண்டு, பலகையில் கழியால் இரண்டு தடவை தட்டினார். தூங்கினவளைப் பக்கத்துப் பெண் உலுக்கி எழுப்பினாள்.